காதுக்கு ஒரு ‘ஸ’

“…வைச்சால் அது இருந்திடுமப்பா. அதுக்குப் பேர் வைக்காதேங்கோ,” என்றாள் என் மனைவி.

குசினி மேசையில் எங்கள் முன்னால் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி. அவளுடைய இடது காதில் இரவல் வாங்கிய ஒரு ஹெட்போன். நான் அப்போதுதான், “இதை ஒண்டரை உப்பு எண்டு வைப்பமோ?” என்று கேட்டிருந்தேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

உப்பு, கம்பி, ஹெட்போன் என்று அடுக்கினால், சமையலைச் சொல்கிறேனா சங்கீதத்தைச் சொல்கிறேனா என்று உங்களுக்குக் குழம்பும். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே அறையில்தான் நடந்தன. முறையாகவே சொல்கிறேன்.

நான் சங்கீதம் படித்தவனல்ல. துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றின் எஞ்சின் அறையில் வேலை செய்தவன். அந்தப் படகுக்கு இரண்டு எஞ்சின். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் சத்தம் ஒன்றாகிவிடும். ஒன்று சற்றே முந்தினாலும் ‘வும்… வும்… வும்’ என்று ஒரு துடிப்பு எழும்பி நெஞ்சுக்குள் வந்து இடிக்கும். வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தால் அந்த ‘வும்’ நீண்டு, சோம்பலாகி, கடைசியில் இல்லாமல் போய்விடும். என்னோடு வேலை செய்த ஒருவன் அதை, “ரெண்டும் ஒரே பாயில படுத்திட்டுது” என்பான். எனக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. ஆட்கள் சொல்லுகிற இப்படியான கதைகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். படித்ததைவிடப் பொறுக்கியதுதான் கூட.

அவள் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். அவளுடைய ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துபோக, எஞ்சின்காரர்களுக்குத் தோல் தைக்கத் தெரியும் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். தைத்து முடித்து, காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றாக அழுத்தினேன். வும்… வும்… வும்.

“ரீச்சர், உங்கட பெட்டியில ரெண்டு எஞ்சினும் ஒத்துப்போகேல்ல.”

“பெட்டிக்கு எங்கால எஞ்சின் வந்தது?” என்று சிரித்தாள். பிறகு தலையைச் சரித்துக் கேட்டாள். சிரிப்பு நின்றது. “ஓம். துடிக்குது. உது எப்பவும் துடிக்கிறதுதானே? எல்லாப் பெட்டியும் அப்பிடித்தான்.”

“துடிக்கத் தேவையில்லை.”

பெட்டியைத் திறந்து, பித்தளை நாக்கு ஒன்றைச் சவர அலகால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டச் சுரண்ட ‘வும்’ நீண்டு படுத்தது. அவள் கண்ணைத் திறக்காமல், “மற்றதையும் படுக்க வையுங்கோ” என்றாள். எல்லாவற்றையும் படுக்க வைக்கப் பல மாலைகள் போக வேண்டியிருந்தது. அதற்குள் ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. “அந்தத் துடிப்பை அடக்கத்தான் இவரைக் கட்டினனான்” என்று பிறகு ஆட்களிடம் சொல்லுவாள். கல்யாணமான பிறகும் நான் அவளை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் அப்படித்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில்தான் இந்தப் பெயர் வைக்கிற வேலை வந்து உட்கார்ந்தது என்று நினைக்கிறேன்.

ஸ்வரங்களுக்குப் பெயர் இருக்கிறது. ஒரு ஸ்வரத்துக்கும் மற்ற ஸ்வரத்துக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு? இருபத்திரண்டு சுருதி என்று அவள் படித்த பெயர்களை ஒப்புவிப்பாள். கேட்க அழகான பெயர்கள். ஆனால் பெயரைக் கேட்டு அந்தச் சுருதி எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏலாது. எங்கள் பக்கம் ஒருவரை விசாரித்தால் வெறும் பெயரோடு விடமாட்டார்கள். “சல்லிக் கோயிலடியில, வாடிக்காரற்ற மூத்த மகள்ட புருசன்” என்று வழியையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். எனக்கு அப்படியான பெயர் வேண்டும். பெயரைச் சொன்னால் காது தானாக நடந்து போய்ச் சேர வேண்டும்.

அதற்காகத்தான் அந்தப் பலகையைச் செய்தேன். முழுக் கம்பியையும் சுண்டினால் அது ‘ஸ’. சரிபாதியில் அதே ‘ஸ’ மேலே கேட்கும். மூன்று பங்காக்கி இரண்டு பங்கை மட்டும் பேசவிட்டால் ‘ப’. ஐந்து பங்கில் நாலைப் பேசவிட்டால் ஒரு இனிமையான ‘க’, துடிப்பு ஒன்றும் இல்லாமல் ‘ஸ’வோடு ஒரே பாயில் படுக்கிற ‘க’. இனி வேறு வழியால் போய்ப் பாருங்கள். ‘ஸ’விலிருந்து ‘ப’வுக்கு ஒரு பாய்ச்சல். அந்த ‘ப’வையே புது ‘ஸ’வாக வைத்து அதனுடைய ‘ப’வுக்கு இன்னொரு பாய்ச்சல். இப்படி நாலு பாய்ச்சல் பாய்ந்து, மேலே போனதைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தால், நீங்கள் நிற்பதும் ஒரு ‘க’தான். ஆனால் அந்த இனிமையான ‘க’ அல்ல. அதைவிட மயிரிழை மேலே. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் எஞ்சின்கள் சண்டை தொடங்கிவிடும்.

அந்த மயிரிழை கணக்கில் எண்பத்தொன்றுக்கு எண்பது. அப்படியே பெயரில் சேர்த்துவிடலாம் என்றேன். அவள் கறிச்சட்டியைக் கிண்டியபடி, திரும்பிப் பாராமலே சொன்னாள்:

“எண்பத்தொண்டுக்கு எண்பதெண்டு சொன்னா எந்தப் பிள்ளையப்பா பாடும்? அது உப்பு. ஒரு உப்புக் கூடியிருக்கு, அவ்வளவுதான். கறி அதே கறி. நாக்குத்தான் முகத்தைச் சுழிக்குது.”

அன்றைக்கு எங்கள் முறை பிறந்தது. பாய்ச்சலால் மட்டும் போய்ச் சேருகிற ஸ்வரத்துக்கு வெறும் பெயர். அதிலிருந்து அந்த மயிரிழை இறங்கினால் ‘உப்புக் குறைந்த’, ஏறினால் ‘உப்புக் கூடின’. அந்த இனிமையான ‘க’ உப்புக் குறைந்த ‘க’. எந்தத் தூரத்தையும் இத்தனை பாய்ச்சல், இத்தனை உப்பு என்று சொல்லிவிடலாம். உப்பு எந்த இடத்தில் போட்டாலும் ஒரே அளவு. அதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் நான் அன்று மூன்று தரம் சோறு கேட்டேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தால் ஓய்வு பெற்ற பிறகு, மாலையில் பெண்களைச் சேர்த்து வீட்டு விறாந்தையில் பஜனை பழக்கினாள். சல்லிக் கடற்கரையில் மீன் கொட்டில் வைத்திருக்கிற மீன்வாடிக்கார அம்மா, பக்கத்து ஒழுங்கைப் பெண்கள், வேலை முடிந்து வேலைக்குக் கட்டின சேலையோடு நேரே வருகிற ஒருத்தி. “உப்பைக் குறையுங்கோ பிள்ளையள்! ‘க’வில உப்புக் கூடிப்போச்சு!” என்று இவள் கத்துவது வீதிவரைக்கும் கேட்கும். ஒருநாள் ஒரு மனிதர் கேற்றடியில் சைக்கிளை நிறுத்தி, “இஞ்ச சமையல் வகுப்பு நடக்குதாம், மகளைச் சேர்க்க ஏலுமோ?” என்று கேட்டார். மீன்வாடிக்கார அம்மா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். “ஓம் ஐயா, இஞ்ச அவிச்சதொண்டும் ஒருத்தரும் தின்னேலாது!”

கோயிலில் பாடுகிற நாட்களில் ஒலிபெருக்கி கட்ட வருகிறவர் குறிஞ்சாக்கேணி முஸ்லிம் ஒருவர், எங்களுக்கெல்லாம் நானா. கோயில், கல்யாணம், பள்ளிவாசல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். “ரீச்சர்ட பாட்டுக்கு நான் மிக்ஸர்ல ஒண்டும் தொடுறல்ல. சத்தத்த ஏத்திப் போட்டுட்டு டீ குடிக்கப் போவன்” என்பார். இவளுக்கு அதைவிடப் பெரிய பட்டம் ஒருவரும் கொடுத்ததில்லை.

போன மழைக்கு முந்திய மழையில் இவளுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே இடது காது அடைத்துக்கொண்டது. சளித் தடிமன் என்று நினைத்தோம். ஆவி பிடித்தாள், சுடுதுணி வைத்தாள், காய்ச்சல் விட்டது. காதும் திறந்துவிட்டது என்றாள். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசித்தாள். பிறகு நிறுத்தினாள்.

“என்னப்பா, ‘க’ ஏறிப்போய்க் கிடக்கு.”

எனக்கு ‘க’ இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் காது எஞ்சின் காது, அவள் காது ரீச்சர் காது. எங்கள் வாழ்க்கையில் ஒருநாளும் அவள் காதுக்கு மேலே என் காதை நான் வைத்ததில்லை. துடிப்பைப் பிடிக்கத் தெரிந்தது எனக்கு. ஆனால் ‘சரி’ என்று சொல்கிறவள் அவள்தான்.

“மழைக்குப் பித்தளை கறுத்திருக்கும்” என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் சுரண்டினேன்.

“இன்னும்.”

சுரண்டினேன்.

“இன்னும் கொஞ்சம். ஆ… பொறுங்கோ. காணும், போதும்.”

எனக்கு வும் வும் என்று இடித்தது. “ரீச்சர், உங்களுக்குத் துடிப்புக் கேக்கேல்லையோ?”

“எனக்கு இப்பதான் நேராக் கேக்குது” என்றாள், முகம் மலர. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் காதுக்குத்தான் வயது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் அறையில் இருந்தவர்களுக்கு அது வரும் என்று எல்லாரும் சொல்வதுதான். அடுத்த கிழமை ‘த’ ஏறிவிட்டது என்றாள். பிறகு ‘நி’. ஒவ்வொன்றாக இறக்கினேன். பித்தளை பொடிப் பொடியாக மேசையில் விழுந்தது.

பெண்கள் பழைய இடத்தில் பாடினார்கள். இவள் ஏசினாள். ஏச ஏச அவர்களும் இறங்கினார்கள். ஒருநாள் மீன்வாடிக்கார அம்மா போகிற வழியில் என்னைக் கிணற்றடியில் பிடித்தாள்.

“அண்ணை, ரீச்சருக்கு எங்களில ஏதும் கோபமே? பழைய இடத்தில நிண்டா ஏசுறா. இப்ப அவ சொல்ற இடத்திலதான் நிக்கிறம். வாய் கோணுது. ஆனாப் பறவாயில்லை, ரீச்சர் சொன்னாக் கடலிலயும் உப்பைக் குறைப்பம்.”

அதுவும் நான் பொறுக்கிவைத்த பேச்சுத்தான். அன்றைக்கு நான் சிரித்தேன். வேறெந்தக் கூட்டமாக இருந்தாலும் ஒருத்தியாவது “ரீச்சர், இது பிழை” என்று சொல்லியிருப்பாள். எங்களுக்கு அவளில் அவ்வளவு நம்பிக்கை. ஒரு பெட்டியும் ஒரு புருசனும் ஒரு விறாந்தை நிறையப் பெண்களும் ஒரு காதை நம்பிச் சாய்ந்து நின்றோம். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தபடியால் சாய்ந்தது தெரியவில்லை.

நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் பாட்டு. பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினார்கள். நானா புதிதாக ஒரு மின் சுருதிப்பெட்டி வாங்கியிருந்தார். அதை இரண்டு பக்க ஒலிபெருக்கிகளிலும் போட்டுவிட்டார். மண்டபம் முழுக்க ‘ஸ’வும் ‘ப’வும் தண்ணீர் மாதிரி நிறைந்தது. பெண்கள் வாயைத் திறந்தார்கள். ‘க’ வந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

என் மனைவி கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினாள்.

“நானா, உங்கட சுருதிப்பெட்டி பிழை.”

“புதுசு ரீச்சர். இப்பதான் வாங்கின.”

“புதுசெண்டாச் சரியாமோ? மழையில நனைஞ்சிருக்கும்.”

“நனைஞ்சா அது செத்துப்போகும் ரீச்சர். உசிரோட இரிந்து பிழையாப் பாடாது.”

மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். நானா அதை நிறுத்திவிட்டுத் தன் போனிலிருந்து வேறொரு சுருதியைப் போட்டார். அதுவும் அதே இடம். சிரிப்பு அடங்கியது. அவள் என்னைத் தேடினாள். நான் தூணோரம் நின்றிருந்தேன்.

“அப்பா, நீங்கள் சொல்லுங்கோ.”

மைக் திறந்திருந்தது. அந்தக் கேள்வி வீதிவரைக்கும் போயிருக்கும். இவ்வளவு காலத்தில் அவள் என்னிடம் ‘சரியோ’ என்று கேட்டது அதுதான் முதல் தரம்.

“பெட்டி சரி, ரீச்சர்” என்றேன்.

அவள் உள்ளங்கையால் இடது காதை மூடினாள். கேட்டாள். கையை எடுத்து வலது காதை மூடினாள். கேட்டாள். திரும்பவும் இடது. தலைமயிரை ஒதுக்குகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மூன்றாம் தரம் கையை மாற்றும்போது அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று எழும்பிப் போய்விட்டது. காதுக்கு ஒன்றாக அவளுக்கு இரண்டு ‘ஸ’ கேட்டிருக்கிறது.

அவள் மைக்கைத் தள்ளிவைத்தாள். “பிள்ளையள், முந்தி நிண்ட இடத்திலயே நிண்டு பாடுங்கோ” என்று மெல்லச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். அவர்கள் பாடினார்கள். பழைய இடத்துக்கு அவ்வளவு வேகமாகத் திரும்பிவிட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று பிறகு சொன்னாள். அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் கழற்றிவைக்கிற இடத்தில் உட்கார்ந்து, இடது காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டாள். நானா டீ குடிக்கப் போகவில்லை. மிக்ஸரின் முன்னாலேயே இருந்து, தொடுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ தொட்டுக்கொண்டிருந்தார்.

காது டொக்டர் நல்ல மனிதர். “நரம்பம்மா. காய்ச்சலோட வந்திருக்கும். திரும்பினாலும் திரும்பும், திரும்பாட்டி பழகத்தான் வேணும்” என்றார். ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார்.

“டொக்டர், எவ்வளவு ஏறிக் கேக்குது எண்டு இதில இருக்கோ?”

“இது எவ்வளவு சத்தம் கேக்குதெண்டு பாக்கிறது. ஏற்றம் இறக்கத்துக்கு எங்களிட்ட அளவு இல்லையம்மா.”

வருகிற வழியில் ஓட்டோவுக்குள் அவள் ஒரே ஒருதரம்தான் வாயைத் திறந்தாள். “அளவில்லையாம்.”

நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். யாரிடம் அளவில்லை? எங்களிடம் இருக்கிறது. மணிக்கூடு முந்தி ஓடினால் எறிந்துவிடுகிறோமா? எவ்வளவு முந்துகிறது என்று தெரிந்தால் கழித்துக்கொண்டு வாழலாம். அவளுடைய இடது காது இத்தனை உப்புக் கூட்டிக் கேட்கிறது என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டால், அதைக் கழித்துப் பாட அவளால் முடியாதா? இருபத்திரண்டையும் உள்ளங்கையில் வைத்திருந்தவள் அவள். அவள் திரும்பப் பாடுவாளா என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கேள்வி. விறாந்தையில் பாய் விரிக்கவில்லை. பெண்கள் கேற்றடியில் வந்து, மீனும் மரக்கறியும் தந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் ஆர்மோனியத்தைப் பழையபடி ஆக்கப் பார்த்தேன். அடியில் சுரண்டி மெலிந்த நாக்கை நுனியிலும் சுரண்டினேன். ‘க’ நாக்கு ஒடிந்து கையோடு வந்தது. அவள் அடுத்த அறையில் இருந்தாள். “என்னப்பா சத்தம்?” என்றாள். “ஒண்டுமில்லை” என்றேன். “அது ‘க’ எல்லே?” என்றாள். அதற்கு மட்டும் காது இருந்தது.

அதனால் பலகையை எடுத்தேன். நானாவிடம் ஆலோசனை கேட்டேன். அவர் தன் போனில் ‘ஸ’வைப் பிடித்து, ஒரு ஹெட்போனும் கொண்டுவந்து தந்தார்.

“இதில ஒரு பக்கம் செத்துப்போச்சு அண்ணன். எறியத்தான் வச்சிரிந்த. ரீச்சருக்கு ஒரு பக்கம்தானே வேணும்?” என்றவர், சொன்ன பிறகுதான் தான் சொன்னதைக் கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டார்.

என் மனைவி சிரித்தாள். அந்த நவராத்திரிக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். “தாங்கோ நானா. நாங்க ரெண்டு பேரும் ஒரே சாதி” என்று வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு காலையும் தேத்தண்ணீர் குடித்த பிறகு உட்காருவோம். இடது காதில் ஹெட்போனின் ‘ஸ’. வலது காது திறந்தபடி. நான் கம்பியைச் சுண்டி, அடியில் வைத்த கட்டையை நகர்த்திக்கொண்டு போவேன். வலது காதுக்குக் கேட்கிற கம்பி, இடது காதுக்குக் கேட்கிற ‘ஸ’வோடு ஒத்துப்போகிற இடத்தில் அவள் கையைத் தூக்க வேண்டும். நான் பென்சிலால் பலகையில் கோடு போடுவேன்.

அதில் ஒரு கொடுமை இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, துடிப்பைக் கேட்டு அடக்குவது. இங்கே துடிப்பு இல்லை. ஒன்று ஒரு காதில், மற்றது மற்றக் காதில். இரண்டும் ஒரே காற்றில் சந்திக்கவில்லை. “வும் எண்டு ஏதும்?” என்று கேட்பேன். “இல்லையப்பா. ரெண்டு பேர் ரெண்டு அறையில இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு” என்பாள். ஆகவே அவள் கையைத் தூக்குவது நினைப்பில்தான். அந்த நினைப்பு ஒருநாள் ஓரிடத்தில், மறுநாள் வேறிடத்தில். ‘ஸ’வில் ஒரு நாள் ஒரு உப்பு, அடுத்த நாள் இரண்டைத் தாண்டும். ‘ப’வில் வேறு. மேல் ‘க’வில் அவள், “இது ஸ்வரமில்லை, காகம்” என்று ஹெட்போனைக் கழற்றிவிடுவாள்.

கோடுகள் சிதறிக் கிடந்த நாட்களில் நான் சோர்ந்துபோவேன். அவள் சோரவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோடு நேற்றைய இடத்தை விட்டு நகர்ந்திருந்தால், “எங்க, எந்தப் பக்கம் போயிருக்கு? காட்டுங்கோ” என்று குனிந்து பார்ப்பாள். பழைய ‘ஸ’வின் பக்கம் வந்திருந்தால் அன்று முழுக்க வேலையில் ஒரு சுறுசுறுப்பு. தூரப் போயிருந்தாலும், “சரி, நாளைக்கும் பாப்பம்” என்பாள். எங்கள் ஊர் வீதிகளில் மாடுகள் மாதிரித் திரிந்து, கேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற மான்களை வழக்கமாகத் துடைப்பத்தோடு துரத்துகிறவள், அந்த நாட்களில் வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். என் முயற்சியில் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு கோடுகள் ஒன்றுசேரத் தொடங்கின. மெல்ல மெல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக. நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மனம் கையை இழுத்துவிடும் என்று பயம். பலகையைத் திருப்பிவைத்து, அவளுக்குக் கோடு தெரியாதபடி சோதித்தேன். அப்போதும் அதே இடம். ‘ப’வில் வேறு அளவுதான், ஆனால் அதுவும் அதன் இடத்தில் அசையாமல் நின்றது.

அந்தக் காலை அவள் கையைத் தூக்கியதும் பென்சிலைக் கொண்டுபோனேன். கோடு போட இடமில்லை. பழைய கோடுகளின்மேலேயே முனை விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

“நிக்குது ரீச்சர், நிக்குது! ‘ஸ’ இனி அசையாது. இஞ்ச பாருங்கோ, ஒரே இடம்!” பலகையை அவள் பக்கம் திருப்பினேன். எங்கள் முறையில் அரை உப்பு என்று ஒன்று இல்லை. அதற்காக முறையை உடைக்கவும் ஆயத்தமாக இருந்தேன். “இதை ஒண்டரை உப்பு எண்டு வைப்பமோ?”

அவள் பலகையைப் பார்த்தாள். கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே தடித்த கறுப்புக் கோடாக நின்றன. அதில் விரலை வைத்தாள். தடவினாள். அப்போதுதான் அதைச் சொன்னாள், பேர் வைத்தால் இருந்துவிடும், வைக்காதே என்று.

எனக்கு விளங்க அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது. கோடு அலைந்த நாட்கள்தான் அவளுக்கு நல்ல நாட்கள். அலைகிறது ஒருநாள் வீடு திரும்பும். நான் நிற்கவேண்டும் என்று காத்திருந்தேன். அவள் நின்றுவிடக் கூடாதே என்று காத்திருந்திருக்கிறாள். ஒவ்வொரு காலையும் ஒரே பலகையின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

திரும்ப உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய இடது காது என் பக்கம் இருந்தது. “என்ன சொல்றியள், இந்தக் காதுக்கு உங்கட குரலும் வேற ஆரோ ஒராளின்ர குரலாத்தான் கேக்குது,” என்றாள். அழுதபடி சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். அதன் வயரை நானாவிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தாள். பிறகு எழுந்து, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி என் மற்றப் பக்கம் வந்து, வலது காது என் வாயருகே இருக்கும்படி போட்டு உட்கார்ந்தாள்.